டீசல் எஞ்சின் ஏன் ‘டக டக’னு அடிக்குது?

(ஒலிவடிவத்தில் வெளியான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். எஞ்சின் ஒலிப்பதிவு வரும் இடங்களில் சத்தத்தை வார்த்தையில் சொல்லியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். “அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் கார் பாத்து வச்சிருக்கேன். ஸ்டார்ட் பண்ணா டக டகனு அடிக்குது. டீசல்னா இப்படித்தான் தம்பி இருக்கும்னு விக்கிறவர் சொல்றார். நம்பலாமா?”

சின்னக் கேள்விதான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒருத்தரோட ரெண்டு மூணு வருஷ சேமிப்பு இருக்கு. அதனால முழு எபிசோடையும் இதுக்கே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணேன். நான் படிச்சது மெக்கானிக்கல், வேலை பாக்குறது சாஃப்ட்வேர். தமிழ்நாட்டில் இது ஒண்ணும் அபூர்வமான கதை இல்ல. படிச்சது எப்பவாவது இப்படிப் பயன்படுறதுதான் அபூர்வம்.

முதல்லயே பதிலைச் சொல்லிடுறேன். விக்கிறவர் சொன்னதுல பாதி உண்மை. டீசல் எஞ்சின் தட்டும். அது எரியுற விதத்திலேயே அந்தத் தட்டல் இருக்கு. ஆனா எவ்வளவு தட்டணும், எப்போ தட்டணும், எப்போ நிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு புரிஞ்சிட்டா, மீதிப் பாதியை உங்க காதே கண்டுபிடிச்சிடும்.

அடுப்படியிலிருந்து ஆரம்பிப்போம்

கேஸ் அடுப்பைத் திறக்கிறீங்க, லைட்டரை அடிக்கிறீங்க. முதல் அடியிலேயே பத்திக்கிட்டா சத்தமே இல்ல. லைட்டர் மக்கர் பண்ணுதுனு வைங்க. ரெண்டு, மூணு, நாலு தடவை அடிக்கிறீங்க. அதுக்குள்ள கேஸ் வந்துகிட்டே இருக்கு. அஞ்சாவது அடியில ‘பொஃப்’னு பெருசா ஒரு தீ. அடுப்பும் அதேதான், கேஸும் அதேதான். நடுவுல ஆன தாமதம்தான் அந்தச் சத்தமா வெளிய வருது.

டீசல் எஞ்சினுக்குள்ள நடக்கிறதும் இதுதான். அங்க ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சூடாகுமே, அதே விஷயம். இங்கே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தக் காத்துக்குள்ள இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும். டீசல் தானாகவே பத்திக்கும்.

ஆனா பீய்ச்சின கணத்திலேயே பத்தாது. துளிகள் ஆவியாகணும், காத்தோட கலக்கணும், வேதிவினை சூடு பிடிக்கணும். இந்த இடைவெளிக்குப் பேர் இக்னிஷன் டிலே, அதாவது பற்றல் தாமதம். பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டு, இல்ல அதுக்கும் குறைவு. ‘அவ்வளவுதானா’னு தோணும். 2000 ஆர்.பி.எம்.ல ஓடுற எஞ்சினில் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள கிராங்க் 12 டிகிரி சுத்திடும். எஞ்சின் பார்வையில் அது நீண்ட காலம். அந்த நேரம் முழுக்க இன்ஜெக்டர் டீசலை ஊத்திக்கிட்டே இருக்கு. சேர்ந்தது எல்லாம் ஒரே மூச்சில் பத்துது, அழுத்தம் செங்குத்தா ஏறுது, பிஸ்டன் தலையில சுத்தியலால அடிச்ச மாதிரி ‘டக்’னு ஒரு சத்தம். இதுதான் டீசல் நாக்.

ஹாரி ரிக்கார்டோனு ஒரு பிரிட்டிஷ் எஞ்சினியர். டீசல் எரிதலை அவர் மூணு கட்டமா பிரிச்சார். முதல்ல தாமதம், அடுத்து திடீர் எரிதல், அதுக்கப்புறம் இன்ஜெக்டர் ஊத்துற வேகத்துக்கு ஏத்தபடி நிதானமான எரிதல். முதல் கட்டம் எவ்வளவு நீளுதோ, ரெண்டாவது கட்டம் அவ்வளவு மூர்க்கமா இருக்கும். இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு வரியோட விளக்கம்தான்.

பெட்ரோலில் நடப்பது தலைகீழ்

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. நாக்னா நாக்தானே, பெட்ரோலா இருந்தா என்ன, டீசலா இருந்தா என்னனு நினைக்கிறாங்க. ரெண்டுமே எரிபொருள் தானா பத்திக்கிறதால வர்ற சத்தம்தான். ஆனா நேரம் வேற.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒரு மூலையில தீ வைக்கும். தீ வரிசையா பரவிக்கிட்டே போகும். கடைசி மூலையில இருக்கிற கலவை, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே சூடும் அழுத்தமும் தாங்காம தானா வெடிச்சா, அது பெட்ரோல் நாக். அங்கே பிரச்சினை எரிதலோட கடைசியில. டீசலில் பிரச்சினை எரிதலோட ஆரம்பத்துல. பெட்ரோல் சீக்கிரம் பத்திக்கிட்டா தப்பு, டீசல் லேட்டா பத்திக்கிட்டா தப்பு.

அதனால வைத்தியமும் தலைகீழ். கம்ப்ரஷனைக் கூட்டினா பெட்ரோலில் நாக் கூடும், டீசலில் குறையும். உள்ளே போற காத்து சூடா இருந்தா பெட்ரோலில் கூடும், டீசலில் குறையும். காலையில முதல் ஸ்டார்ட்டில் டீசல் அதிகமா தட்டுறதும், அஞ்சு நிமிஷம் ஓடினதும் சத்தம் இறங்குறதும் இதனாலதான். எஞ்சின் சூடானா காத்தும் சூடு, தாமதம் குறைவு.

எரிபொருளை அளக்கிற அளவுகோல்கூட எதிரெதிர்தான். பெட்ரோலுக்கு ஆக்டேன்: தானா பத்திக்காம எவ்வளவு பொறுமையா இருக்கும்னு அளக்கும். டீசலுக்கு சீட்டேன்: எவ்வளவு சுறுசுறுப்பா பத்திக்கும்னு அளக்கும். நம்ம ஊர் பங்குகளில் வர்ற பி.எஸ்.-6 டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் எண் 51. ஐரோப்பாவிலும் 51. அமெரிக்காவில் 40 இருந்தாலே விதிமுறைப்படி போதும்.

நல்ல பெட்ரோல் மோசமான டீசல். ஆக்டேன் அதிகமா இருந்தா சீட்டேன் குறைவு. பெட்ரோலோட சீட்டேன் எண் 20-ஐ ஒட்டியோ அதுக்குக் கீழேயோதான் இருக்கும். டீசல் காரில் பெட்ரோல் போட்டா எஞ்சின் ஏன் பயங்கரமா தட்டும்னு இப்போ புரியுதா? தட்டல் மட்டும் இல்ல. காமன் ரெயில் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் அந்த வேலையைச் செய்யாது. பம்ப் உள்ளே உலோகம் உலோகத்தோட உரசும். அந்தத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். பங்கில் இப்படி மாத்திப் போட்டுட்டாங்கன்னா இக்னிஷனையே ஆன் பண்ணாதீங்க. பல கார்களில் அப்பவே டேங்க் பம்ப் ஓட ஆரம்பிச்சிடும். தள்ளி ஓரங்கட்டுங்க, டேங்கைக் காலி பண்ணச் சொல்லுங்க. பின்னாடி நிக்கிறவர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

சிம்மில் பத்தவைக்கிற டெக்னிக்

(இங்கே இரண்டு ஒலிப்பதிவுகள். முதலாவது, ஒற்றை சிலிண்டர் டீசல் ஷேர் ஆட்டோ ஐடிலில் நிற்கும் சத்தம்: தனித்தனியாக எண்ணக்கூடிய அடிகள். இரண்டாவது, காமன் ரெயில் கார்: ஒன்றோடொன்று சேர்ந்த மெல்லிய உறுமல்.)

ரெண்டும் டீசல்தான். நடுவுல என்ன மாறிச்சு?

மறுபடி அடுப்படி. கேஸை சிம்மில் வச்சுப் பத்தவச்சிட்டு, அப்புறம் ஃபுல்லா திறந்தா ‘பொஃப்’ வருமா? வராது. காமன் ரெயில் செஞ்சது இதைத்தான். டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு குழாயில் தயாரா வச்சிருக்கும்; இன்ஜெக்டரை எப்போ, எவ்வளவு நேரம் திறக்கணும்னு ஈ.சி.யூ. சொல்லும். முதல்ல ஒண்ணு ரெண்டு கன மில்லிமீட்டர் டீசல், கிட்டத்தட்ட ஒரு குண்டூசித் தலை அளவு. இதுக்குப் பேர் பைலட் இன்ஜெக்ஷன். அது பத்தி சிலிண்டரைச் சூடாக்கும். பின்னாடியே மெயின் இன்ஜெக்ஷன் வரும்போது தாமதம் ரொம்பக் குறைஞ்சிருக்கும். மொத்தமா வெடிக்கிறதுக்குப் பதிலா, வரவர எரியும்.

பயணிகள் காரில் இது முதல்ல வந்தது 1997-ல, ஆல்ஃபா ரோமியோ 156-ல. ஃபியட் ஆராய்ச்சியில் உருவாகி, பாஷ் உற்பத்திக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம். 2003-ல ஃபியட் 1.3 மல்டிஜெட் வந்தது. ஒரே சுற்றில் அஞ்சு தடவை வரைக்கும் பீய்ச்சக்கூடியது. அந்தப் பேரைக் கேட்டதுமே சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆமா, அதேதான். 2007-ல மாருதி ஸ்விஃப்ட்டில் வந்து, டாடா, ஃபியட் கார்களிலும் உட்கார்ந்து, ‘தேசிய எஞ்சின்’னு பட்டப்பேர் வாங்கினது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தப்போ மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. ஆனா அந்த எஞ்சின் போட்ட கார்கள் இன்னும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. டெல்ஃபி காமன் ரெயில் சிஸ்டங்களில் எஞ்சின் பிளாக்கில் ஒரு அக்செலரோமீட்டர் இருக்கும். பைலட் எரியும்போது வர்ற மெல்லிய அதிர்வை அது கேட்கும். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தா முதல் துளி வருதுனு ஈ.சி.யூ. அதை வச்சுக் கத்துக்கும். இன்ஜெக்டருக்கு வயசாக ஆக, அதுக்கேத்த மாதிரி திருத்திக்கிட்டே வரும். அந்த எஞ்சினுக்கே ஒரு காது இருக்குனு சொல்லலாம்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். காமன் ரெயில் காரில் தட்டலைக் குறைக்கிறதுக்குனே ஒரு கம்ப்யூட்டர் ஓயாம வேலை பாக்குது. அதையும் மீறித் தட்டல் காதுக்குக் கேட்டா, திருத்துறதுக்கான இடம் அநேகமா தீர்ந்துபோச்சுனு அர்த்தம். பழைய பம்ப்-நாசில் வண்டியில ‘டீசல்னா இப்படித்தான்’ செல்லும். காமன் ரெயிலில் அது அவ்வளவு சுலபமா செல்லாது.

எப்போ கவலைப்படணும்?

தாமதத்தைக் கூட்டுற எதுவும் தட்டலைக் கூட்டும். ரிங், வால்வு தேஞ்சு கம்ப்ரஷன் குறைஞ்சா காத்து போதுமான அளவு சூடாகாது. இன்ஜெக்ஷன் டைமிங் ரொம்ப முந்தினா, காத்து சூடாகுறதுக்கு முன்னாடியே டீசல் உள்ளே வந்து காத்துக்கிடக்கும்.

எல்லாத்தையும்விட ஆபத்தானது, நாசில் சொட்டுறது. பனித்துளி மாதிரி பீய்ச்ச வேண்டியது, குழாய் ஒழுகுற மாதிரி சொட்டினா, அந்தத் துளி பிஸ்டன் தலையில ஒரே இடத்தில் எரியும். நாளாக ஆக அலுமினியம் உருகி, பிஸ்டனில் ஓட்டையே விழலாம். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கிட்டு கீழே இறங்கும். ஒரு இன்ஜெக்டரில் ஆரம்பிச்ச செலவு, முழு எஞ்சின் வேலையில போய் முடியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கனெக்டிங் ராடு பேரிங் தேஞ்சாலும் ‘டக் டக்’னுதான் கேட்கும். அது எரிதலே இல்ல. முழுக்க உலோகச் சத்தம். செலவும் வேற கணக்கு. ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

என் நண்பன் ஒருத்தன் பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கினப்போ, அம்பத்தூர் பக்கம் பம்ப்-நாசில் வேலை பாக்குற ஒரு அண்ணனைக் கூட்டிட்டுப் போனோம். அவர் போனதும் முதல்ல பானட் மேல உள்ளங்கையை வச்சார். வெதுவெதுனு இருந்தது. “தம்பி, வண்டியை ஏற்கெனவே சூடு பண்ணி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில நான் வந்துதான் முதல் ஸ்டார்ட்”னு சொல்லிட்டுத் திரும்பிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி. ஸ்டார்ட் பண்ணதும் ஒழுங்கில்லாத ஒரு தட்டல்; மத்த அடிகளுக்கு நடுவுல ஒரு அடி மட்டும் கனமா. சைலன்சரில் வெள்ளைப் புகை. பத்து நிமிஷம் கழிச்சும் அந்த அடி முழுசா போகல. ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டரா நிறுத்திப் பாத்தார். மூணாவதை நிறுத்தினதும் தட்டல் காணோம்.

நான் ஆர்வக்கோளாறுல, “அப்போ இன்ஜெக்டர்தான் அண்ணே?”னு கேட்டேன். “அவசரப்படாதீங்க தம்பி. சிலிண்டரை நிறுத்தினா பேரிங் சத்தமும் அடங்கும். எந்த வீடுனுதான் தெரிஞ்சிருக்கு, யாருனு தெரியல”னார்.

விக்கிறவர்கிட்ட அனுமதி வாங்கி, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய், மூணாவது இன்ஜெக்டரை ரெண்டாவது இடத்துக்கும் ரெண்டாவதை மூணாவதுக்கும் மாத்தினார். காப்பர் வாஷர் புதுசு போட்டார். ஸ்கேனரில் இன்ஜெக்டர் கோடை மாத்தி எழுதினார். ஸ்டார்ட் பண்ணா, தட்டல் ரெண்டாவது சிலிண்டருக்குப் போயிடுச்சு. சத்தம் இன்ஜெக்டரோட கூடவே நகர்ந்தா குற்றவாளி இன்ஜெக்டர். சத்தம் மூணாவதிலேயே தங்கியிருந்தா பேரிங், பிஸ்டன், கம்ப்ரஷன்னு எஞ்சினுக்குள்ளேயே தேடணும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, விளைவு நகருதானு பாக்குறது. டீபக்கிங்னு நாங்க ஆபீஸ்ல சம்பளம் வாங்கிப் பண்றதும் இதுதான். அவர் கையில கிரீஸ் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஜெக்டர் செலவை விலையில கழிச்சு நண்பன் அந்தக் காரை வாங்கினான். தட்டல் மூணாவதிலேயே தங்கியிருந்தா, ‘வேண்டாம்’னு சொல்லிட்டுப் பஸ் ஏறியிருப்போம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் ஓடுற எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி சிலிண்டரைச் சோதிப்பாங்க. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. உங்க கார் டயரில் இருக்கிறது 2 பார் சொச்சம் அழுத்தம். அந்தப் பைப்பில் 1000 பாருக்கு மேல போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியில ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூட பெருசா இருக்காது. ஆனா அது அவசர ஆபரேஷன் கேஸ். தாமதிச்சா விரலையே இழக்க நேரிடலாம். வீடியோ பாத்து வீட்டில் முயற்சி பண்ற வேலை இல்ல.

சாவியை எடுத்தாலும் நிக்காத எஞ்சின்

கடைசியா, டீசலில் மட்டும் பெருசா பயப்பட வேண்டிய ஒண்ணு: ரன்அவே. பெட்ரோல் எஞ்சினில் சாவியை அணைச்சா ஸ்பார்க் நிக்கும், எஞ்சின் நிக்கும். டீசலில் சாவி நிறுத்துறது எரிபொருளை மட்டும்தான். எரியக்கூடிய எதுவாவது காத்தோட சேர்ந்து உள்ளே போய்க்கிட்டே இருந்தா, அந்த எஞ்சினுக்கு சாவியே தேவையில்ல. டர்போ சீல் போய், எஞ்சின் ஆயிலே உள்ளே இழுக்கப்பட்டா, வேகம் தானா ஏறிக்கிட்டே போகும். ஆயில் தீரணும், இல்ல எஞ்சின் உடையணும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல ஒரு சம்பவம். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பி.பி. சுத்திகரிப்பு ஆலை. ஒரு கோபுரத்தில் அளவுக்கு மீறி நிரம்பின எரிபொருள் வெளியே கொட்டி, ஆவி மேகமா தரையில் பரவிச்சு. பக்கத்தில் ஒரு டீசல் பிக்கப் டிரக் ஐடிலில் நின்னுக்கிட்டு இருந்தது. அந்த ஆவியை உள்ளே இழுத்ததும் எஞ்சின் தறிகெட்டு ரேஸ் ஆச்சு. அந்த டிரக்தான் மேகத்துக்குத் தீ வச்சிருக்கும்னு விசாரணை அறிக்கை சொல்லுது. 15 பேர் இறந்தாங்க, 180 பேர் காயமடைஞ்சாங்க. கேஸ் கசிஞ்ச இடத்தில் டீசல் வண்டியை ஸ்டார்ட்டில் விடக்கூடாதுங்கிற விதிக்குப் பின்னாடி இருக்கிற நிஜம் இதுதான்.

நம்ம கார் அளவில், முன்னறிகுறி டிப்ஸ்டிக்கில் தெரியலாம். ஆயில் குறைஞ்சா பிரச்சினைனு எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் பிரச்சினைதான். டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.-6 டீசலை ஆபீஸ், வீடுன்னு சின்னச் சின்ன தூரத்துக்கே ஓட்டினா, ஃபில்டரைச் சுத்தம் பண்ண அதிகமா பீய்ச்சுற டீசலில் கொஞ்சம் ஆயிலோட கலந்துடும். லெவல் மேக்ஸ் கோட்டைத் தாண்டினா உடனே ஆயிலை மாத்துங்க.

அப்படியும் எஞ்சின் தறிகெட்டு ஓடினா? மேனுவல் கியர்னா, பிரேக்கை முழு பலத்தோட அழுத்தி, டாப் கியர் போட்டு கிளட்சைச் சட்டுனு விடுங்க. எஞ்சின் திணறி நிக்க வாய்ப்பு இருக்கு. காத்துப் பாதையை அடைச்சாலும் நிக்கும், ஆனா கையால அடைக்கப் போகாதீங்க. முடியலன்னா இறங்கி தூரப் போயிடுங்க. எஞ்சினை வாங்கிக்கலாம்.

அந்த நேயருக்கு

தம்பி, காரை ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலையில உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. பானட்டைத் தொட்டுப் பாருங்க. முதல் ஒரு நிமிஷம் தட்டினா சரி. எல்லா அடியும் ஒரே மாதிரி இருக்கா, இல்ல ஒண்ணு மட்டும் கனமா விழுதானு கேளுங்க. சூடானதும் இறங்குதானு பாருங்க. வெள்ளைப் புகை நிக்காம வந்தா எரியாத டீசல், நீலமா வந்தா ஆயில், கறுப்பா வந்தா காத்துக்கு மீறின டீசல். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, மோந்தும் பாருங்க. டீசல் வாடை தூக்கலா அடிக்கக்கூடாது. சந்தேகம் வந்தா, ஸ்கேனர் வச்சிருக்கிற மெக்கானிக்குக் கொடுக்கிற காசு வீண் இல்ல.

ஏற்கெனவே டீசல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேலை. நாளைக்குக் காலையில முதல் ஸ்டார்ட்டை போன்ல முப்பது செகண்டு ரெக்கார்ட் பண்ணி, தேதி போட்டு வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்னு மறுபடி எடுங்க. தினமும் கேக்குற சத்தம் மெல்ல மாறினா காதுக்குப் பிடிபடாது. ரெக்கார்டிங்கை அடுத்தடுத்து வச்சுக் கேட்டா பிடிபடும்.

அந்த ரெக்கார்டிங்குகளை எனக்கும் அனுப்புங்க. வித்தியாசமா ஏதாவது கேட்டா, அந்த அம்பத்தூர் அண்ணனை உட்கார வச்சு ஒரு எபிசோடே பண்ணிடலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.